பேச்சுவார்த்தை இல்லை என்பதற்கு அத்தாட்சி

மழை பெருத்தால் சேத்தூர்ப் பக்கத்து ஓடைக்கரைக் குடியிருப்பு ஆட்களை எங்கே கொண்டுபோய்த் தங்கவைப்பது என்று திட்டம் போடும் வேலை என் தலையில் விழுந்தபோது எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது. வருவாய்த் துறையில் சேர்ந்த நாள் முதல் பட்டா, சிட்டா, எல்லைக்கல் என்று யாரோ எப்போதோ போட்ட கோட்டையே அளந்துகொண்டிருந்தவன் நான். இது நானே கோடு போடுகிற வேலை.

ராஜபாளையத்தில் ஒரு சர்ச் மண்டபம் தோதாக அமைந்தது. மேடான இடம், நல்ல கூரை, பின்பக்கம் கிணறு. போதகர் தாராளமான மனுஷர். ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தார். சாயங்காலம் பிள்ளைகள் கிறிஸ்துமஸ் பாட்டுப் பழகுவார்கள், அதை மட்டும் நிறுத்தச் சொல்லக் கூடாது என்றார். வெள்ளத்தில் வருகிறவர்களுக்குப் பாட்டு என்ன இடைஞ்சல் செய்யப்போகிறது என்று நானும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

குடியிருப்புக்கு நேரில் போய்க் கதவு எண்களை எல்லாம் பார்த்து எழுதிக்கொண்டேன். பிறகு மண்டபத்தை அளந்து கிராப் தாளில் வரைந்து, குடும்பத்துக்கு ஒரு கட்டம் என்று பிரித்தேன். அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள் மண்டபத்திலும் அடுத்தடுத்து இருந்தால் ஒருவருக்கொருவர் ஒத்தாசையாக இருக்கும் என்று, கதவு எண் வரிசையிலேயே கட்டங்களை ஒதுக்கினேன். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் என் வீடு. சாப்பிட்ட பிறகு அந்தத் தாளை என் மனைவியிடம் காட்டினேன். பொம்பளைப் பிள்ளைகள் எங்கே சேலை மாற்றுவார்கள் என்று கேட்டாள். ஓரத்தில் ஓர் அறையைக் குறித்தேன். நனைந்த துணியை எங்கே காயப்போடுவார்கள் என்றாள். இரண்டு கொடிக் கயிறு போட்டேன். கடைசியாகத் தாளை ஒருதரம் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பக்கத்து வீட்டுக்காரங்களைப் பக்கத்துலயே போட்ருக்கீங்களே" என்று சொல்லிக்கொண்டே அடுப்படிக்குப் போய்விட்டாள். அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

ஐப்பசி முடிகிற நேரத்தில் மழை பிடித்தது. மலைமேல் மேகம் இறங்கியது. பிறகு மலையே தெரியவில்லை. ஓடைத் தண்ணீர் செம்மண் நிறத்தில் கரையைத் தொட்டதும் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. விடிந்ததும் நான் குடியிருப்புக்குப் போய் எல்லோரும் கிளம்பலாம் என்றேன். யாரும் கிளம்பவில்லை. வாசலுக்கு வாசல் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, ஆடு எங்கே போகும் என்று கேட்டார்கள். என் திட்டத்தில் மனுஷர், பாய், போர்வை, வாளி, மருந்து எல்லாம் இருந்தது. ஆடு என்ற சொல் எந்தப் பக்கத்திலும் இல்லை. போதகருக்குப் போன் பண்ணினேன். ஆடு எத்தனை என்று கேட்டுக்கொண்டார். பிறகு, மண்டபத்துக்குப் பின்னால் சைக்கிள் நிறுத்துகிற கொட்டகை சும்மாதான் கிடக்கிறது என்றார். ஆட்டுக்கு இடம் உண்டு என்று சொன்னதுதான் தாமதம், கால் மணி நேரத்தில் குடியிருப்பே ரோட்டுக்கு வந்துவிட்டது.

அங்கே பாதிப் பேர் ஒரு நூல் மில்லில் வேலை பார்க்கிறவர்கள். மில்காரர்கள் தங்கள் பஸ்ஸை அனுப்பிவைத்தார்கள். டிரைவர் அதே ரோட்டில் அதே ஆட்களை வருஷக்கணக்காக ஏற்றி இறக்கிய மனுஷர். பஸ் நிறைந்ததும் கை பழக்கத்தில் ஸ்டியரிங் திரும்ப, வண்டி நேரே மில் வாசலில் போய் நின்றது. வாட்ச்மேன் கேட்டைத் திறந்தார். உள்ளே எட்டிப் பார்த்தால் பாயும் மூட்டையும் பிள்ளைகளும் ஆடுகளும். எந்த ஷிப்டு என்று கேட்டாராம். இதை அந்த டிரைவரே என்னிடம் வந்து சொல்லி வருத்தப்பட்டார்.

மண்டபத்தில் எல்லோரையும் கட்டம் பார்த்து உட்காரவைத்தேன். பாதி வேலை நல்லபடி நடந்தது. நடுவில் வந்த ஒரு பெண் தன் கட்டத்தைப் பார்த்தாள், பக்கத்துக் கட்டத்தைப் பார்த்தாள், தலைச்சுமையை இறக்காமல் அப்படியே நின்றுவிட்டாள். பக்கத்துக் கட்டத்தில் உட்கார்ந்திருந்தவள் மூஞ்சியைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். மண்டபமே அவர்கள் இருவரையும் திரும்பிப் பார்த்தது. விஷயம் தெரியாதவன் நான் ஒருவன்தான்.

இருவரும் ஓரகத்திகள். அண்ணன் பெண்டாட்டி மூத்தவள். உயரமாக, தெம்பாக, எதற்கும் முன்னால் நிற்கிறவள். தம்பி பெண்டாட்டி இளையவள். ஒல்லி, பேச்சு கம்மி, ஆனால் பேசினால் முள்ளு. மாமனார் விட்டுப்போன ஒரே வீட்டை நடுவில் சுவர் எழுப்பி இரண்டாக்கிக்கொண்டு இருந்தார்கள். சில வருஷமாக இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. காரணத்தை மூன்று பேரிடம் கேட்டேன். இரவல் போன கிரைண்டர் கல் உடைந்து வந்தது என்றார் ஒருவர். அண்ணன் மகள் வயதுக்கு வந்த சடங்குக்கு அழைத்த விதம் சரியில்லை என்றார் இன்னொருவர். மூன்றாமவர், அது அவர்களுக்கே மறந்திருக்கும் சார் என்றார். இதில் அண்ணனும் தம்பியும் மட்டும் எப்போதும்போலச் சிநேகம். ஒரே மில், ஒரே ஷிப்டு, ஒரே பைக். ஆனால் அந்தப் பைக்கில் தெருமுனையில்தான் தம்பி ஏறுவார்; திரும்பும்போதும் தெருமுனையிலேயே இறங்கிக்கொள்வார்.

கட்டத்தை மாற்றித் தருகிறேன் என்று சொன்னேன். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொன்ன பிறகுதான் தெரிந்தது. இளையவளை ஜன்னலோரம் மாற்றினால் ஜன்னலோரத்தார் நகரணும். அவர்களுக்குக் கிடைத்த இடம் குறட்டை விடுகிற ஒருத்தருக்குப் பக்கத்தில். குறட்டைக்காரர் நகர்ந்தால் அவருடைய சம்பந்தி வீட்டார் கால்மாட்டில் போய் விழுவார். ஆளாளுக்குத் தாளைப் பிடுங்கிப் பார்த்து யோசனை சொன்னார்கள். கல்யாணப் பந்தியில் சொந்தக்காரர்களுக்கு இடம் போடுகிறவன் பாடு இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு, எல்லோரும் பழைய இடத்திலேயே இருங்கள், நடுவில் தடுப்புப் போட்டுத் தருகிறேன் என்றேன்.

தடுப்புக்குத் துணி வேண்டுமே. பக்கத்தில் பேண்டேஜ் துணி நெய்கிற பேக்டரி முதலாளி ஒருவர், விஷயத்தைக் கேள்விப்பட்டு ஆட்டோவில் உருளை உருளையாகத் துணி அனுப்பினார். அன்றைக்கு அவரைவிட நல்ல மனுஷர் உலகத்தில் இல்லை என்று எனக்குத் தோன்றியது. கயிறு கட்டி, கட்டத்துக்குக் கட்டம் துணியைத் தொங்கவிட்டோம். மண்டபம் பெரிய ஆஸ்பத்திரி மாதிரி வெள்ளை வெளேர் என்று இருந்தது. சாயங்காலம் லைட் போட்டதும்தான் விஷயம் வெளிப்பட்டது. புண்ணுக்குக் காற்றுப் போக வேண்டும் என்று நெய்த துணி அது. இந்தப் பக்கம் ஒருத்தர் தலை சீவினால் அந்தப் பக்கம் சீப்பின் பல் தெரிந்தது. நாலு மடிப்பாகப் போட்ட பிறகுதான் கொஞ்சம் மறைத்தது. நாலு மடிப்பு எல்லாக் கட்டத்துக்கும் பற்றவில்லை. ஓரகத்திகளுக்கு நடுவே மட்டும் ஆறு மடிப்பு போட்டேன். அதற்கு மண்டபத்தில் யாரும் ஆட்சேபிக்கவில்லை.

இருந்தாலும் ஒரே கூரைக்குக் கீழே இருந்துகொண்டு எதுவும் சொல்லிக்கொள்ளாமல் எப்படி இருப்பது? மூத்தவள் என்னைக் கூப்பிட்டு, வாளி ஒன்று எடுத்த இடத்தில் இல்லை, எடுத்தவங்க வச்சா நல்லாருக்கும்னு சொல்லிருங்க என்பாள். நான் துணியைச் சுற்றிப் போய் இளையவளிடம் சொல்வேன். அவளுக்கு முதல் தடவையே கேட்டிருக்கும். ஆனாலும் நான் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, வாளி கிணற்றடியில்தான் இருக்கு, கண்ணு தெரிஞ்சா போய்ப் பார்க்கலாம்னு சொல்லுங்க என்பாள். நான் மறுபடி சுற்றி வருவேன். நான் ஆபீசுக்குப் போன நேரத்தில் போதகர் அந்த வேலையைப் பார்த்தார். அவரும் இல்லாதபோது ஆட்டைப் பார்த்து ஜாடை பேசினார்கள். ஒருநாள் நான் கொட்டகைப் பக்கம் போனபோது, அடுத்தவர் கொடியில் ஈரத்துணி போடுவது எந்த ஊர் நியாயம் என்று இளையவள் ஒரு செம்மறியிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். நாலு அடி தள்ளி மூத்தவள் இன்னொரு ஆட்டிடம் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மண்டபத்து வாழ்க்கை இப்படியே பழகிப்போனது. உதவி செய்ய வந்தவர்கள் எல்லோரும் சொல்லிவைத்தாற்போல ரொட்டிப் பாக்கெட் கொண்டுவந்தார்கள். பழைய துணி மூட்டை ஒன்றில் கோட்டும் சூட்டும் இருந்தது. குறட்டைக்காரர் அந்தக் கோட்டை எடுத்து லுங்கிக்கு மேல் போட்டுக்கொண்டார். பிறகு பார்வையிட வந்த பெரிய மனுஷர்கள் எல்லோரும் முதலில் அவருக்குத்தான் வணக்கம் வைத்தார்கள். சாயங்காலப் பாட்டு வேறு. நைட் ஷிப்டு போகிறவர்கள் முதல்நாள் தலையணையால் காதைப் பொத்தினார்கள். ஒரு வாரம் போனதும் அவர்களே ஆடு மேய்க்கும்போது அதே மெட்டை முணுமுணுத்தார்கள். மூத்தவள் சுருதி விஷயத்தில் கண்டிப்பு. அந்தப் பிள்ளைகள் கடைசி வரியில் அவசரப்படுதுன்னு பாட்டு வாத்தியாரம்மாவிடமே போய்ச் சொன்னாள்.

மழை ஓய்ந்தது. அண்ணனும் தம்பியும் குடியிருப்புக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். மற்ற வீடுகளில் சேறு மட்டும்தான். இவர்கள் வீட்டில் அந்த நடுச்சுவர் விழுந்து, கூரையையும் இழுத்துக்கொண்டு போயிருந்தது. இரண்டு அடுப்படியும் ஒரே சேற்றுக்குவியலாகக் கிடந்தன.

வீடு இழந்தவர்களுக்குத் தற்காலிகக் கொட்டகை போட்டுத்தர உத்தரவாகியிருந்தது. ஒரு கதவு எண்ணுக்கு ஒரு கொட்டகை. இங்கேதான் சிக்கல். தம்பி வீட்டுக் கதவில் அண்ணன் வீட்டு எண்ணோடு ஓர் 'அ' சேர்த்து எழுதியிருந்தது. நானும் அதைப் பார்த்துத்தான் தனிக் கட்டம் ஒதுக்கியிருந்தேன். அந்த 'அ' பஞ்சாயத்து போட்டது இல்லையாம். தம்பி தானே பெயின்ட் வாங்கி எழுதிக்கொண்டது. சரி, ரேஷன் கார்டையாவது காட்டுங்கள் என்றேன். அதுவும் ஒன்றுதான். ஏன் இத்தனை வருஷமாகப் பிரிக்கவில்லை என்று கேட்டேன். பிரிக்கணும்னா பொம்பளையாளுக ரெண்டு பேரும் சேர்ந்து ஆபீசுக்கு வரணுமாம் சார் என்று தம்பி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

ஆக அரசாங்கக் கணக்கில் இது ஒரே குடும்பம். இரண்டு ஓரகத்திகளும் ஒரே தகரக் கூரைக்குக் கீழே, தடுப்பே இல்லாமல் இருக்க வேண்டியதுதான். மேலதிகாரியிடம் போய்ச் சொன்னேன். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர் அவர், நிதானமான பெண்மணி, அதிகம் பேச மாட்டார். தனிக் குடும்பம் என்று நேரில் விசாரித்து தனக்குத் திருப்தியானால் இரண்டு கொட்டகை தரலாம் என்றும் மறுநாள் மதியம் வருவதாகவும் சொன்னார். நான் மண்டபத்துக்கு வந்து துணியின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் விஷயத்தைத் தனித்தனியாகச் சொன்னேன். உங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை, உலை வேறு என்பது அவருக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான் என்றேன்.

மறுநாள் காலை ஆட்டுக் கொட்டகைப் பக்கம் குசுகுசுவென்று சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். ஆடுகளுக்கு நடுவே ஓரகத்திகள் இருவரும் தலையோடு தலை ஒட்டி நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது.

"அந்தம்மா வந்ததும் நான் மூஞ்சியத் திருப்பிக்கிடுதேன். நீயும் திருப்பிக்கோ" என்றாள் மூத்தவள்.

"சும்மா திருப்புனா நம்புவாவளா? ஏதாச்சும் திட்டி வஞ்சாத்தான் நம்புவாவ" என்றாள் இளையவள்.

மூத்தவள் கொஞ்சம் யோசித்தாள். "சரி, வை. ஆனா எங்கம்மாவ இழுக்காத."

பேச்சுவார்த்தை இல்லை என்பதை எப்படிக் காட்டுவது என்றுதான் இத்தனை நாள் கழித்துப் பேச்சுவார்த்தை நடக்கிறது என்று புரிந்ததும் நான் சத்தம் போடாமல் பின்வாங்கிவிட்டேன்.

மதியம் மேலதிகாரி வந்தார். மண்டபத்தில் எல்லோரும் அவரவர் தடுப்பைச் சுருட்டி மேலே செருகிக்கொண்டு வசதியாக உட்கார்ந்துவிட்டார்கள். கோட்டுப் போட்டவருக்கு மேலதிகாரியும் வணக்கம் வைத்தார். பிறகு ஓரகத்திகளைக் கூப்பிட்டு, நீங்கள் ஒரே குடும்பமா, இரண்டு குடும்பமா என்று கேட்டார். இருவரும் ஏற்பாட்டின்படி ஒரே சமயத்தில் மூஞ்சியைத் திருப்பினார்கள். அவசரத்தில் இருவரும் ஒரே பக்கம் திருப்பிவிட்டார்கள்.

இளையவள் ஆரம்பித்தாள். "இவிய மொகத்துல நான் முழிக்கிறதே இல்ல மேடம். இவிய குணம் அப்படி." வைகிற வசவிலும் 'இவிய' என்று மரியாதை தவறவில்லை. மேலதிகாரி அதைக் கவனித்துவிட்டார் என்று அவர் புருவம் சொன்னது.

இது போதாது என்று மூத்தவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஒத்திகையில் இல்லாத ஒன்றை எடுத்துவிட்டாள். "என் மக சடங்குக்கே வராதவ மேடம் இவ. சொந்தச் சித்தி. ஊரே வந்துச்சு."

இளையவள் முகம் மாறியது. அதற்குமேல் அவள் பேசியது நடிப்பு இல்லை. "அழைச்சாத்தானே வாரதுக்கு. ஒரு செவத்துக்கு அந்தப் பக்கம் இருந்துகிட்டு போன்ல சொன்னாவ மேடம். அசலூர்க்காரங்களுக்குக்கூடத் தாம்பாளம் வச்சு அழைச்சாவ. எனக்குப் போனு."

மூத்தவள் மேலதிகாரியை விட்டுவிட்டு நேராக இளையவளைப் பார்த்துத் திரும்பினாள்.

"ஏட்டி, அப்ப உனக்குக் கரு கலைஞ்சு ஒரு மாசங்கூட ஆகல. பூவும் தாம்பாளமுமா என் மக விசேஷத்தச் சொல்லிக்கிட்டு உன் முன்னால எப்படி வந்து நிப்பேன். அதான் போன்ல சொன்னேன்."

இளையவள் முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு, "அதச் சொல்லிருக்கலாம்லக்கா" என்றாள். மூத்தவள், சொல்லத் தெரியல என்றாள். அப்புறம் இருவரும் அழ ஆரம்பித்தார்கள். அழுகிறவளுக்கு அழுகிறவளே முதுகைத் தடவிக்கொடுத்தாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது. தூணோரம் நின்ற அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. பைக் சாவியை அண்ணன் இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டே இருந்தார்.

மேலதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பப் போட்டுக்கொண்டு என்னிடம், "இது ஒரே குடும்பம்தானே சார்" என்றார்.

என் கண்ணீர் அப்படியே நின்றுவிட்டது. மண்டபமே எழுந்து சாட்சி சொல்ல வந்தது. இல்லை மேடம், இவர்கள் எலியும் பூனையும் என்றார்கள். ஆட்டிடம்தான் பேசுவார்கள் என்றார்கள். பேண்டேஜ் துணியை ஆறு மடிப்புப் போட்டது இவர்களுக்கு மட்டும்தான் என்று ஒருவர் அவிழ்த்து எண்ணியே காட்டினார். மேலதிகாரிக்கு எதுவும் ஏறவில்லை. அவர் கண்முன்னால் இரண்டு பெண்கள் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்கள். கடைசியாக, உலை வேறு என்பதற்காவது ஏதாவது உண்டா என்று கேட்டார். இரண்டு அடுப்பும் ஒரே சேற்றில் கிடக்கும்போது நான் எதைக் காட்டுவது?

மூத்தவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு இளையவளை அணைத்தபடியே முன்னால் வந்தாள். "இவ வைக்கிற கொழம்புல புளியத் தவிர ஒண்ணும் இருக்காது மேடம். எங்க வீட்டு ஆம்பளையாளு வாயில வைக்க மாட்டாவ."

இளையவள் அவள் தோளிலிருந்து தலையை எடுக்காமலேயே, "அவிய சமையல்ல உப்புன்னா என்னன்னே தெரியாது" என்றாள்.

"யாரச் சொல்லுத நீ?"

"உங்களத்தான்."

மேலதிகாரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அன்றைக்குத்தான் அவர் சிரித்து நான் பார்த்தது. பைலை வாங்கி, தனித்தனிச் சமையல் என்பது விசாரணையில் உறுதியானது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். போகும்போது, இருவரும் நாளைக்கே சேர்ந்து போய் ரேஷன் கார்டைப் பிரித்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரே பஸ்ஸில் போய், பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, தனிக் கார்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்கள்.

கிறிஸ்துமஸ் நெருங்கும்போது மண்டபம் காலியானது. கடைசி நாள் பாட்டுப் பழகுதலில் குடியிருப்புப் பெண்கள் பின்வரிசையில் நின்று பாடினார்கள். ஆடுகள் நடந்தே ஊருக்குப் போயின. கொட்டகை இரண்டும் அடுத்தடுத்துப் போட்டாயிற்று என்று தகவல் வந்தது.

தை பிறந்த பிறகு, வேறு ஒரு வேலையாகச் சேத்தூர் போனவன் ஓடைக்கரைப் பக்கம் போய்ப் பார்த்தேன். தூரத்திலேயே சண்டைச் சத்தம் கேட்டது. கொட்டகை வாசல் இரண்டும் எதிர் எதிராகப் பார்த்து இருக்கணும், அப்பத்தான் உட்கார்ந்த இடத்திலிருந்தே பேசிக்கொள்ளலாம் என்பது மூத்தவள் கட்சி. வாசல்னா கிழக்குப் பார்த்துத்தான் வைக்கணும் என்பது இளையவள் கட்சி. நடுவில் ஆளும் இல்லை, ஆடும் இல்லை. நேருக்கு நேர் நின்று, பெயர் சொல்லாமல், அக்கா என்றும் ஏட்டி என்றும் கத்திக்கொண்டிருந்தார்கள். அண்ணனும் தம்பியும் வாசலிலேயே பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். எத்தனை நாளா இது நடக்குது என்று கேட்டேன். கொட்டகை போட்ட அன்னையிலிருந்து சார் என்றார் அண்ணன். ரொம்ப நிம்மதியாகச் சொன்னார்.

என்னைப் பார்த்ததும் சண்டையை நிறுத்திவிட்டு இருவரும் உள்ளே ஓடினார்கள். இரண்டு கொட்டகையிலிருந்தும் ஆளுக்கொரு தம்ளர் காபியோடு வந்தார்கள். ஒன்றை வாங்கி இன்னொன்றை வாங்காமல் இருக்க முடியுமா? இரண்டையும் குடித்தேன். குடித்து முடிக்கும்வரை இருவரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். எது சார் நல்லாருந்துச்சு என்றாள் மூத்தவள். சும்மா சொல்லுங்க, நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன் என்றாள் இளையவள்.

பஸ் வந்துவிட்டது என்று சொல்லிக் கிளம்பினேன். பஸ் எதுவும் வரவில்லை. அடுத்த ஸ்டாப்பு வரைக்கும் வெயிலில் நடந்தே போய்ச் சேர்ந்தேன்.